தாத்தா நிஜமாகவே தோற்க வேண்டும்

குழந்தைக்காக வேண்டுமென்றே தோற்பதைவிட அலுப்பான வேலை உலகத்தில் வேறு கிடையாது. பெரியவர்களுக்கு அது அலுப்பு, பிள்ளைகளுக்கோ அவமானம். ஆறு வயதுக்காரனுக்கு எல்லாம் தெரியும். “தாத்தா, நீங்க சும்மா விட்டுக்குடுக்குறீங்க” என்று காய்களைக் கலைத்துவிட்டு எழுந்து போவான். அப்புறம் முறுக்கைக் காட்டிக் கூப்பிட்டாலும் திரும்ப உட்கார மாட்டான்.

அதனால் எங்கள் வீட்டுக்கு எந்த ஆட்டம் வந்தாலும், எந்தப் புதிர் வந்தாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். இதில் எழுபத்தாறு வயது அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடியும் ஆறு வயதுப் பேரனிடம் நிஜமாகவே தோற்க முடியுமா? முடியும் என்றால் அந்தப் பெட்டிக்கு அலமாரியில் இடம் உண்டு. முடியாது என்றால் எவ்வளவு அழகான பெட்டியாக இருந்தாலும் அது கடையிலேயே இருக்கட்டும். இந்த ஒரே அளவுகோலை வைத்துப் பொறுக்கிச் சேர்த்த அலமாரி இன்று எங்கள் மதுரை வீட்டில் தொலைக்காட்சியைவிடச் செல்வாக்கானது. நான் மிகைப்படுத்துவதாக என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் போன வாரம் ராத்திரி ஒன்றரை மணி வரை ஓர் ஆட்டத்தின் பச்சை நிறக் கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தவர், அவர் பேச்சை நம்ப வேண்டாம்.

கோடை விடுமுறையில் அக்கா குடும்பம் கோவையிலிருந்தும் தம்பி குடும்பம் ஓசூரிலிருந்தும் வந்து இறங்கினால் எங்கள் கூடத்தில் மூன்று வயதிலிருந்து எண்பது வயது வரை எல்லா வயதும் இருக்கும். மூன்று, தம்பியின் இளையவள். ஆறு, அவளுடைய அண்ணன். பத்து, என் மகன். பதினான்கு, அக்கா மகள். எழுபதுகளில் அம்மாவும் அப்பாவும். எண்பதைத் தொட்டுக்கொண்டு பெரியப்பா. நடுவில் ஆளுக்கொரு போனோடு நாங்கள். இத்தனை பேருக்கும் ஒரே ஆட்டம் பொருந்துமா என்று கேட்பீர்கள். பொருந்தும். ஆனால் பெட்டியின் மூலையில் அச்சடித்த வயதை வைத்துத் தேடினால் கிடைக்காது.

அந்த எண்ணுக்குள் இரண்டு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று ஆபத்து. குழந்தை முகத்தை வட்டத்துக்குள் போட்டுக் குறுக்கே கோடிழுத்திருந்தால், தொண்டையில் சிக்கக்கூடிய சின்னத் துண்டு உள்ளே இருக்கிறது என்று பொருள். அங்கே பேரமே கிடையாது. சின்னச் சின்னச் சக்தி வாய்ந்த காந்தம் வைத்த புதிர்களும் அப்படித்தான். இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓட்டையே போட்டுவிடும். நம் ஊர்ச் சாமானிலும் கவனம் வேண்டும். பல்லாங்குழிக்குக் குன்றிமணி அழகுதான், ஆனால் அதற்குள் இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. மென்றுவிட்டால் உயிருக்கே உலை. சோழியோ புளியங்கொட்டையோ போதும், அதுவும் மூன்று வயதுக்காரி தூங்கின பிறகு. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான விளையாட்டுச் சாமானுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அட்டையைத் திருப்பி அதையும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது சங்கதி, ஆட்டம் எவ்வளவு சிக்கலானது என்பது. அது வெறும் உத்தேசக் கணக்கு. பத்து வயதுக்கு மேல் என்று போட்டிருந்ததை என் மகன் ஏழு வயதில் ஆடினான். பொறியாளரான என் மச்சானுக்கு அதே ஆட்டத்தின் விதியை இன்றுவரை யாராலும் புரியவைக்க முடியவில்லை.

சரி, தாயத்துக்கு வருகிறேன். எனக்குத் தாயம் என்றால் பைத்தியம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நாலு முகம். ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள், நாலாவது முகம் வெறுமை. உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டித் தரையில் விடும்போது எழும் அந்தக் கலகல ஒலி கேட்டாலே அடுக்களையில் இருப்பவர்கள் கரண்டியோடு வந்து நிற்பார்கள். கூட்டுத்தொகை ஒன்று விழுந்தால் தாயம். அது விழாமல் காய் இறங்காது. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கு மறுபடி போடலாம். எதிராளியின் காய் நிற்கும் கட்டத்தில் போய் விழுந்தால் வெட்டு. மலையில் ஏறி நின்றுவிட்டால் வெட்ட முடியாது. சுற்றி முடித்து உள்ளே போய்ச் சேர்ந்தால் பழம். ஊருக்கு ஊர் கட்டமும் விதியும் மாறும், இது எங்கள் வீட்டு விதி.

இதில் ஆறு வயதுக்காரன் அப்பத்தாவை வெட்டுவதற்கு யாருடைய தயவும் தேவையில்லை. கட்டை அவன் பக்கம் விழுந்தால் போதும். “அப்பத்தா, வெட்டிட்டேன்!” என்று அவன் குதிப்பான். “வெட்டிக்கடா வெட்டிக்க. அடுத்த தாயத்துல எறங்கி வந்து உன்னையக் கவனிச்சுக்கிறேன்” என்பார் அம்மா, நிஜக் கோபத்தோடு. அந்த நிஜக் கோபம்தான் எனக்கு வேண்டியது. பேரனை ஒரு சரிசமமான எதிரியாக மதிக்கிற கோபம் அது.

அதற்காகத் தாயம் வெறும் அதிர்ஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பதினான்கு வயதுக்காரி ஒருநாள் நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். இரண்டு கட்டை, நாலு நாலு முகம், மொத்தம் பதினாறு விதமாக விழலாம். அதில் தாயம் விழுவது இரண்டு விதத்தில், அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொரு விதம்தான். அதிகம் விழுவது மூன்று. பதினாறில் நாலு. “அம்மாச்சி, எதிரி காய்க்கு மூணு கட்டம் முன்னாடி நின்னா டேஞ்சர், கணக்கு போட்டுப் பாத்துட்டேன்” என்று பெருமையாக அறிவித்தாள். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எங்க ஆத்தா எனக்கு அதைச் சொல்லிக்குடுத்தப்ப உங்கம்மாகூடப் பெறக்கல” என்றார். பள்ளிக்கூடத்து நிகழ்தகவுப் பாடமும் பாட்டியின் அனுபவமும் ஒரே கட்டத்தில் வந்து நிற்பதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். மூன்று தலைமுறைக்கும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஆழத்தில் வேலை கொடுக்கிற ஆட்டத்துக்கு என்ன விலை சொல்வது? மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பித்தளைக் கட்டை கிடைக்கிறது. கட்டம் வரைய ஒரு சாக்பீஸ். அவ்வளவுதான் முதலீடு.

மூன்று வயதுக்காரியை என்ன செய்வது? அவளுக்குத் தோற்கத் தெரியாது. தோற்றால் வீடு அதிரும். அந்த வயதுக்கு எல்லாரும் ஒரே கட்சியாக ஆடும் ஆட்டம்தான் சரி. ஜெர்மனியின் ஹாபா நிறுவனத்தின் பழத்தோட்ட ஆட்டம் இந்த வகையில் முன்னோடிகளில் ஒன்று, 1986-இல் வந்தது. பகடையில் விழும் நிறத்துக்கேற்ப மரத்திலிருந்து பழம் பறிக்க வேண்டும். அண்டங்காக்கை விழுந்தால் காக்கை ஓரடி முன்னேறும். காக்கை தோட்டத்துக்குள் வருவதற்குள் எல்லாப் பழங்களையும் பறித்துவிட்டால் எல்லாருக்கும் வெற்றி. இரண்டு வயதுக் குழந்தைக்கே ஆகும்படி பெரிய மரப்பழங்களோடு சின்னப் பதிப்பும் உண்டு. இறக்குமதிச் சாமானுக்கு விலை கூடுதல், நாங்கள் காலணிப் பெட்டி அட்டையிலேயே மாமரம், கொய்யாமரம், காக்கை எல்லாம் வெட்டிக்கொண்டோம். காக்கை நெருங்க நெருங்க அவள் கத்துகிற கத்தலில் பெரியப்பா தம் காது கேட்கும் கருவியைக் கழற்றி வைத்துவிடுவார். ஆனால் ஆட்டத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

இப்போது என் கண்மணிக்கு வருகிறேன். ரம்மிக்யூப்!

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டுக்குத் தடை. அம்மாவின் சட்டம் அது. சீட்டாடிச் சொத்தை அழித்த ஒரு தாய்மாமா கதை எங்கள் குடும்பத்திலும் உண்டு, உங்கள் குடும்பத்திலும் இருக்கும். ரம்மிக்யூப்பில் சீட்டு கிடையாது, கட்டைகள்தான். ஒன்று முதல் பதின்மூன்று வரை எண்கள், நாலு நிறம், எல்லாம் இரண்டு இரண்டு, கூட இரண்டு ஜோக்கர். ஆக மொத்தம் 106. இதைக் கண்டுபிடித்தவர் ருமேனியாவில் பிறந்த எஃப்ரைம் ஹெர்ட்சானோ. அந்த நாட்டில் சீட்டாட்டத்துக்குத் தடை இருந்தபோது அதைச் சுற்றிக்கொண்டு போக அவர் கண்டுபிடித்த வழி இது என்று சொல்வார்கள். பிறகு இஸ்ரேலுக்குக் குடியேறி வீட்டிலேயே கட்டைகளைச் செய்து விற்றார். 1980-இல் ஜெர்மனியின் புகழ்பெற்ற ‘ஆண்டின் சிறந்த ஆட்டம்’ விருது இதற்குக் கிடைத்தது. ருமேனிய அரசாங்கத்துக்குச் சொன்ன அதே சமாதானத்தை நாங்கள் அம்மாவிடம் சொன்னோம். “சீட்டு இல்லையே?” “இல்லம்மா, கட்டைதான்.” “அப்பச் சரி.”

அன்றைக்குப் பிடித்தது சனி. இன்றைக்கு அம்மாவை அந்தப் பலகையிலிருந்து எழுப்ப முடியாது.

இதில் என்னை மயக்குவது, மேசை பொதுச்சொத்து என்பது. நீங்கள் இறக்கிவைத்த வரிசையை நான் உடைத்து, அவர் வைத்த கூட்டத்திலிருந்து ஒன்றை உருவி, என் கையிலிருப்பதைச் சேர்த்துப் புதிதாக அடுக்கலாம். ஒரே விதி, முடிக்கும்போது மேசையில் உள்ள ஒவ்வொரு கூட்டமும் முறையாக இருக்க வேண்டும். அம்மா அரை மணி நேரம் ஒன்றுமே தெரியாதவர் போலக் கட்டை எடுத்துக்கொண்டே இருப்பார். நாமும் பாவம் என்று நினைப்போம். திடீரென்று கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, “இத இங்க வச்சு… அத அங்க தள்ளி…” என்று மேசையையே புரட்டிப்போட்டு, எட்டுக் கட்டைகளை ஒரே மூச்சில் இறக்குவார். என் மகன் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பான். நாற்பது வருஷம் பலசரக்குக் கணக்கு எழுதிய மூளை அது!

வயதானவர்களுக்கு இந்த ஆட்டம் ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, இதை யாரும் பெட்டியில் எழுதுவதில்லை. அப்பாவுக்கு விரல் லேசாக நடுங்கும். பதின்மூன்று சீட்டை விசிறி போல் விரித்துப் பிடிக்க அவரால் ஆகாது. ரம்மிக்யூப்பில் கட்டைகள் சாய்வுத் தாங்கியில் தாமாகவே நிற்கின்றன. எண் பெரிசு. கட்டை கனமானது, பிடிக்க வாகானது. பெரியவர்களுக்கு ஆட்டம் தேர்ந்தெடுக்கும்போது மூளைக்கு எது சரி என்று மட்டும் யோசிக்கிறோம். விரலையும் கண்ணையும் யார் யோசிப்பது? எழுத்து பெரிதா, பின்னணியோடு கலக்காமல் தெரிகிறதா, உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டுகிறதா என்று பாருங்கள். பெரியப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஆகையால் நிறத்தை மட்டும் நம்பிய ஆட்டங்களை நான் ஒதுக்கிவிடுவேன், இல்லையென்றால் பேனாவால் கட்டை மேல் ஓர் அடையாளம் போட்டுவிடுவேன். ரம்மிக்யூப் கட்டைகளில் பச்சை நிறம் இல்லை என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள், சில பதிப்புகளில் உண்டு. எங்கள் பெட்டியில் இருக்கும் பச்சைக்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன்.

டாபிள் என்று ஒரு ஆட்டம், வட்ட வட்ட அட்டைகள். ஒவ்வொன்றிலும் எட்டுப் படம். எந்த இரண்டு அட்டையை எடுத்தாலும் பொதுவாக ஒரே ஒரு படம் இருக்கும், ஒன்றுக்குக் குறையாது, மேலும் இருக்காது. அதை முதலில் பார்த்துக் கத்துபவருக்கு அட்டை. இதற்குப் பின்னால் அழகான கணிதம் இருக்கிறது. இந்தக் கட்டுப்பாட்டில் அதிகபட்சம் 57 அட்டை அமைக்கலாம், பெட்டியில் வருவது 55. அந்த விடுபட்ட இரண்டில் என்னென்ன படம் இருக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பது பதினான்கு வயதுக்கு ஒரு தனிப் புதிர். ஆட்டமாக ஆடினால் ஆறு வயதுக்காரன்தான் ராஜா. படிக்கத் தெரிய வேண்டியதில்லை, கணக்குத் தெரிய வேண்டியதில்லை, கண் மட்டும் போதும். பெரியவர்களுக்குப் படம் கண்ணில் பட்டாலும் பெயர் வாயில் வராது. “அது… அந்த… கள்ளிச்செடி!” என்பதற்குள் அட்டை போய்விடும். கவிழ்த்துவைத்த ஜோடிப் படங்களை நினைவில் வைத்துத் திறக்கும் ஆட்டமும் இப்படித்தான். அதில் எங்கள் வீட்டில் பத்து வயதைத் தாண்டியவர் யாரும் ஜெயித்ததாக எனக்கு நினைவில்லை.

சதுரங்கம் பற்றிக் கேட்பீர்கள். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த மாநிலம், 18 வயதில் உலகச் சாம்பியன் ஆன குகேஷின் ஊர். எனக்கும் பெருமைதான். ஆனால் குடும்பத்துக்கு அது சரிப்படாது. வகுப்புக்குப் போகிற பையன் போகாத எல்லாரையும் அடிப்பான், நூறு தடவை ஆடினாலும் நூறு தடவையும் அடிப்பான். ராணியை எடுத்துவிட்டு ஆடச் சொல்லலாம், அதுவும் ஒருவகையில் விட்டுக்கொடுப்பதுதானே.

அதைவிட ஆடு புலி ஆட்டம் எத்தனையோ மேல். இரண்டு பக்கமும் சமமே இல்லை என்பதுதான் அதன் அழகு. மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி. ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். புலி ஆட்டைத் தாண்டிக் குதித்தால் ஆடு காலி. ஆடுகள் சேர்ந்து புலிகளை நகரவிடாமல் மடக்கினால் புலி தோற்றது. தமிழ்நாட்டில் பழைய கோயில்களுக்குப் போனால் மண்டபத் தரையை உற்றுப் பாருங்கள், இந்த முக்கோணக் கட்டத்தை யாரோ எப்போதோ செதுக்கிவைத்திருப்பார்கள். கற்றுக்கொள்கிறவர் புலியை எடுப்பார், ஏனென்றால் புலிக்கு முதல் நிமிஷத்திலிருந்தே வேட்டை. தேர்ந்தவர் ஆட்டை எடுப்பார், ஏனென்றால் ஆட்டை வைத்து ஜெயிக்கப் பொறுமை வேண்டும். யாரும் யாருக்கும் சலுகை காட்டியதாக ஆகாது. பிள்ளை வளர வளர ஒருநாள் தானே, “தாத்தா, இன்னிக்கு நான் ஆடு” என்பான். அன்றைக்கு அவனுக்குப் பாயசம் வைக்கலாம்.

கேரம் பலகை இல்லாத அலமாரியும் ஒரு அலமாரியா? அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயமும், 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்று திரும்பிய காசிமாவும் சென்னைக்காரர்கள். இது நம் ஊர் ஆட்டம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. பெரியப்பா மின்வாரியத்தில் இருந்த காலத்தில் கேரம் புலி. இன்றைக்கும் ஸ்ட்ரைக்கரை விரலில் தொட்டால் வயதின் நடுக்கம் எங்கேயோ போய்விடும். ஜோடி ஆட்டத்தில் பெரியப்பாவோடு ஆறு வயதுக்காரனைச் சேர்த்துவிடுவோம். திறமையின் இரண்டு கோடியும் ஒரே கட்சியில் இருந்தால் எதிர்க்கட்சிக்குக் கணக்குச் சரியாகும். ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோ போட முடியாமல் பேரன் விழிக்கும்போது பெரியப்பா காதோடு சொல்லிக்கொடுக்கும் கோணங்களை நாங்கள் ஒட்டுக்கேட்க முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

புதிர் என்பது தனியாள் சமாசாரம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. சுடோகு அப்படித்தான். அப்பா காலைப் பேப்பரில் அதை முடிக்காமல் இட்லியைத் தொட மாட்டார். கட்டத்தில் குறைந்தது 17 எண் கொடுத்திருந்தால்தான் ஒரே விடை வரும் என்று 2012-இல் கணினியைக் கொண்டு நிறுவியிருக்கிறார்கள் என்று சொன்னதிலிருந்து, கொடுத்த எண்ணை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறார். ரூபிக் க்யூபும் அக்கா மகளும் சேர்ந்துவிட்டால் பக்கத்தில் குண்டு போட்டாலும் கேட்காது. எப்படிக் கலைத்தாலும் 20 திருப்பத்துக்குள் சேர்த்துவிடலாம் என்று கணக்கு இருக்கிறதாம். 1974-இல் அதைச் செய்த எர்னோ ரூபிக்குக்கே தம் சொந்தக் கனசதுரத்தைச் சேர்க்க ஒரு மாதம் போல ஆனது என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் ஜிக்ஸா அப்படியல்ல. அது முழுக்க முழுக்கக் குடும்பப் புதிர். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்கிற வரைபடக்காரர் மரப்பலகையில் தேசப்படத்தை ஒட்டி, நாடு நாடாக அறுத்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்கச் செய்தது. மூன்று வயதுக்குக் குமிழ் வைத்த நாலைந்து மரத்துண்டு போதும், ஆறு வயதுக்கு அறுபதிலிருந்து நூறு. இவை அவரவர் தனியாக ஆட. கூடத்துக்கு ஐந்நூறு துண்டு ஒன்று வாங்குங்கள். வானமும் கடலுமாக இருக்கும் படத்தை வாங்கிவிடாதீர்கள், நீலத்தில் மூழ்கிப்போவீர்கள். சந்தை, தேர்த்திருவிழா, புத்தக அலமாரி என்று சாமான் நிறைந்த படமாக இருக்கட்டும். அப்போதுதான் ஆளுக்கொரு மூலை கிடைக்கும். கட்டிலுக்கடியில் தள்ளக்கூடிய ஒரு பிளைவுட் பலகையில் பரப்புங்கள். சின்னவள் நிறம் பிரிப்பாள், பத்து வயது ஓரத் துண்டுகளைத் தேடும், அம்மா மல்லிகை தொடுத்துக்கொண்டே “அந்த மூக்குத்தி இங்கன வரும் பாரு” என்பார். போகிற வருகிறவர்கள் எல்லாரும் ஒரு துண்டு வைத்துவிட்டுப் போவார்கள், பால்காரர் உட்பட. கடைசித் துண்டை யார் வைப்பது என்பதில் மட்டும் நாகரிகம் எதிர்பார்க்க வேண்டாம். அப்பா முதல் நாளே ஒரு துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

உச்சத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். கோட்நேம்ஸ்! செக் நாட்டு விளாடா ஹ்வாடில் 2015-இல் உருவாக்கிய ஆட்டம், அடுத்த ஆண்டே அந்த ஜெர்மன் விருதை வாங்கியது. இருபத்தைந்து சொற்களை ஐந்துக்கு ஐந்தாகப் பரப்ப வேண்டும். இரண்டு கட்சி. முதலில் ஆடும் கட்சிக்கு ஒன்பது சொல், மற்றதற்கு எட்டு, ஏழு யாருக்கும் சேராதவை, ஒன்று கொலைகாரன். எது யாருடையது என்பது தலைவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். தலைவர் ஒரே ஒரு சொல்லும் ஒரு எண்ணும்தான் சொல்லலாம், அதை வைத்துத் தம் ஆட்கள் சொற்களைத் தொட வேண்டும். கொலைகாரனைத் தொட்டால் ஆட்டம் அதோடு முடிந்தது.

கடையில் வருவது ஆங்கிலச் சொற்கள். எங்கள் வீட்டிலோ தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தை வெட்டித் தமிழ்ச் சொற்கள் எழுதிவைத்திருக்கிறோம். ஜிகர்தண்டா, ரேஷன், பல்லி, மிக்ஸி, கப்பல், நாதஸ்வரம், மொட்டை என்று ஒரு பிஸ்கட் டப்பா நிறைய. இந்தத் தமிழ்ப் பதிப்பை ஆடாமல் யாரும் கண்ணை மூடிவிடக் கூடாது என்பேன்!

ஒருநாள் அப்பா தலைவர். “சிவாஜி, ரெண்டு” என்றார். அவர் மனசில் இருந்தது கப்பலும் நாதஸ்வரமும். கப்பலோட்டிய தமிழனும் தில்லானா மோகனாம்பாளும் பார்த்த தலைமுறைக்கு அதில் சந்தேகமே வராது. என் மகன் யோசிக்காமல் பாய்ந்து மொட்டையைத் தொட்டான். ரஜினி நடித்த சிவாஜியில் மொட்டை பாஸ் வருகிறாரே! கொலைகாரன் அதுதான். “டேய், சிவாஜின்னா நடிகர் திலகம்டா!” என்று அப்பா எழுந்தே விட்டார். “தாத்தா, சிவாஜின்னா தலைவர் தாத்தா!” என்று அவனும் விடவில்லை. அந்தச் சண்டை சாப்பாட்டு இலை வரைக்கும் வந்தது. சாயங்காலம் இரண்டு பேருமாகத் தில்லானா மோகனாம்பாள் போட்டுப் பார்த்தார்கள். மறுநாள் மற்ற சிவாஜியை.

இன்னொரு தடவை அக்கா மகள், “சித்திரை, மூணு” என்றாள். அவளுக்கு வேண்டியது தேர், வெயில், மாம்பழம். அம்மா போய்ப் பச்சையைத் தொட்டார். நாங்கள் தலையில் கைவைத்தோம். “ஏன், அழகர் பச்சைப் பட்டு உடுத்தி ஆத்துல எறங்குனா அந்த வருஷம் செழிக்கும்ல?” என்றார். அட்டையைத் திருப்பினால் அது எங்கள் சொல்தான்! சொன்னவளுக்கே தோன்றாத தொடர்பு. இந்த ஆட்டத்தில் வயது ஒரு சலுகையும் அல்ல, குறையும் அல்ல. எதிரில் இருப்பவர் எந்தக் காலத்தில் வாழ்ந்தார், எதைத் தின்றார், எந்தப் பாட்டை முணுமுணுத்தார் என்று தெரிந்தால்தான் ஜெயிக்கலாம். மருமகன் மாமனாரைப் பற்றி ஒரே மத்தியானத்தில் இத்தனை தெரிந்துகொள்ள வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வீடு வாங்கி வாடகை வசூலிக்கும் பிசினஸ் ஆட்டம், அதன் மூலமான மோனோபொலி, இரண்டும் எங்கள் வீட்டில் கிடையாது. ஒருவர் திவாலாகி மூலையில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்கள் முடிக்கும் வரை இரண்டு மணி நேரம் காத்திருப்பது என்ன விளையாட்டு? 1904-இல் லிஸ்ஸி மாகி இதன் முதல் வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கியதே நிலத்தைக் குவிப்பது எவ்வளவு கொடுமை என்று காட்டத்தான். காட்டிவிட்டார், போதும். ஊனோ பரவாயில்லை, பஸ்ஸிலும் ரயிலிலும் கைகொடுக்கும். தங்கச்சிக்கு நாலு சீட்டு இறக்கிவிட்டு அண்ணன் சிரிக்கிற சிரிப்புக்காகவே வைத்திருக்கிறேன். அதில் இருப்பது வண்ணச் சீட்டு என்பதை அம்மா இன்னும் கவனிக்கவில்லை.

கடைக்குப் போய்க் குழம்புகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. நான் சொன்ன ஜெர்மன் விருது 1979 முதல் ஆண்டுதோறும் கொடுக்கப்படுகிறது. பெட்டியில் சிவப்பு ஆட்டக்காய் முத்திரை இருந்தால் குடும்பத்துக்கு, நீலம் இருந்தால் சிறு குழந்தைகளுக்கு. கருஞ்சாம்பல் இருந்தால் பழகினவர்களுக்கு. அது விதிப்புத்தகம் படிக்கப் பொறுமை உள்ளவர்கள் மட்டும் தொட வேண்டியது. நம் பழைய ஆட்டங்களைத் தேடினால் சென்னையின் கிரீடா நிறுவனம் 2002 முதல் அவற்றை மறுபடி செய்து விற்றுவருகிறது.

என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை. இரண்டாவது ரம்மிக்யூப். மூன்றாவது சாமான் நிறைந்த ஐந்நூறு துண்டு ஜிக்ஸா. கோட்நேம்ஸுக்குக் காலண்டர் தாளும் பிஸ்கட் டப்பாவும் போதும். தாயக்கட்டையை வாங்கி வந்ததும் வீட்டில் மூத்தவர் யாரோ அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் ஊரில் எந்தக் கட்டத்தில் வெட்டலாம், எது மலை, எத்தனை விழுந்தால் மறுபடி போடலாம் என்று கேட்டு எழுதி, கட்டையோடு சேர்த்து டப்பாவில் போட்டு வையுங்கள். உங்கள் ஊர் விதி எந்தக் கடைப் பெட்டியிலும் அச்சாகி வராது.